எக்ஸிமா உள்ள மகளும் பள்ளி ஆண்டு விழாவும்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

தேவனாம்பட்டினம் மலர்
ஜனவரி 3, இரவு 10:12

வணக்கம். கடலூரில் இருக்கிறோம். மகளுக்கு 7 வயது, இரண்டாம் வகுப்பு. கைக்குழந்தையாக இருந்தபோதே கன்னம் சிவந்து ஆரம்பித்தது. இப்போது முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்பக்கம், கழுத்து. அடோபிக் எக்ஸிமா என்று தோல் மருத்துவர் சொல்லியிருக்கிறார், அவரிடமே தொடர்ந்து காட்டுகிறோம். மருந்து கேட்டு இதை எழுதவில்லை, மற்றதுதான் சமாளிக்க முடியவில்லை.

மாத இறுதியில் பள்ளி ஆண்டு விழா. ஆட வேண்டும் என்று குதிக்கிறாள். வாடகைக்கு எடுக்கும் உடை நைலான், மேலெல்லாம் சமிக்கி, கையில்லாத சட்டை. டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கடைசி வரிசையில் நிறுத்திக்கொள்கிறேன், யாருக்கும் தெரியாது" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். அதற்கு முந்தைய வாரம் இன்னொரு பிள்ளையின் அம்மா, பக்கத்தில் உட்கார வைக்க வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அது என் மகள் காதிலும் விழுந்துவிட்டது.

வீட்டில் ராத்திரி கிரீம் போடுவது தினமும் ஒரு சண்டை. மாமியார், "கத்திரிக்காயையும் கருவாட்டையும் நிறுத்து, தானாகப் போகும்" என்கிறார். இந்த மார்கழிப் பனியில் தோல் வேறு வெடிக்கிறது. பெரிய பிள்ளைகள் வைத்திருப்பவர்கள் எப்படித் தாண்டினீர்கள்?

கெடிலக்கரை
ஜனவரி 3, இரவு 11:05

மலர் சகோதரி, என் மகனுக்கு இப்போது 14. அவனுக்கும் இதேதான். நிறைய பிள்ளைகளுக்கு வளர வளரக் குறையும் என்பார்கள், இவனுக்கும் குறைந்திருக்கிறது, ஆனால் முழுசாகப் போகவில்லை. எப்போது போகும் என்று நாள் எண்ணுவதை நிறுத்திய பிறகுதான் வீட்டில் நிம்மதி வந்தது.

பள்ளி விஷயத்துக்கு வருகிறேன். வாய்வார்த்தையாகச் சொன்னால் டீச்சர் பாவப்படுவார், அவ்வளவுதான். மருத்துவரிடம் அரைப் பக்கக் கடிதம் வாங்கிக் கொடுங்கள். தொற்று இல்லை என்று அதில் எழுதியிருக்க வேண்டும். அடுத்து என்னென்ன செய்யலாம் என்று இருக்க வேண்டும்: மின்விசிறிக்குப் பக்கத்தில் இடம், வியர்த்தால் முகம் கை கழுவ அனுமதி, பையில் சின்ன டப்பாவில் மாய்ஸ்சரைசர். பள்ளிக்கு எதிலும் ஒரு தாள் வேண்டும். தாள் கையில் இருந்தால் அந்த இன்னொரு அம்மாவுக்கு டீச்சரே பதில் சொல்லிவிடுவார், நீங்கள் போய்ச் சண்டை போட வேண்டியதில்லை.

பிள்ளைக்கும் ஒரு வரி சொல்லிக் கொடுங்கள். "இது எக்ஸிமா. தொட்டால் ஒட்டாது. வா விளையாடலாம்." என் மகனுக்கு இதைத்தான் பழக்கினோம். ஒருத்தன் கேட்டால் சொல்லிவிட்டு ஓடிவிடுவான். நீளமாக விளக்கம் கொடுக்கிற பிள்ளையைத்தான் மற்ற பிள்ளைகள் மறுபடி மறுபடி கேட்கும்.

முத்தியால்பேட்டை
ஜனவரி 4, காலை 6:48

கடைசி வரிசையா? எனக்குப் படித்தவுடனே கோபம் வந்தது. தலைமை ஆசிரியரிடமே போங்கள்.

கெடிலக்கரை
ஜனவரி 4, காலை 7:30

கோபம் சரிதான், ஆனால் முதலில் பாப்பாவைக் கேளுங்கள். சில பிள்ளைகளுக்கு முன்வரிசை என்றாலே பயம். எங்கே நிற்க விருப்பம் என்று அவள் சொல்லட்டும், அப்புறம் நாம் கிளம்பலாம்.

பண்ருட்டி பாட்டி
ஜனவரி 4, காலை 9:20

மலரம்மா, உன் மாமியார் சொல்வதில் தப்பு இல்லை. கரப்பான் உடம்புக்குக் கத்திரிக்காய், கருவாடு, சோளம் எல்லாம் ஆகாது என்று எங்கள் காலத்திலேயே சொல்வார்கள். குப்பைமேனியை உப்பு வைத்து அரைத்துப் பூசு. அந்த ஸ்டீராய்டு களிம்பைத் தூக்கிப் போடு. தோலை மெலிய வைத்துவிடும். என் பக்கத்து வீட்டில் ஒரு பெண்ணுக்கு முகமெல்லாம் சிவந்துபோய்விட்டது.

வில்லியனூர் மெடிக்கல்
ஜனவரி 4, மதியம் 2:15

பாட்டிம்மா, கோபித்துக்கொள்ளாதீர்கள். மருந்துக்கடையில் நிற்கிறவன், இதில் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

குப்பைமேனியும் உப்பும் சிரங்குக்குப் போடுகிற வைத்தியம். எக்ஸிமா வேறு, சிரங்கு வேறு. சிரங்கு என்பது பூச்சியால் வருவது. ராத்திரியில் அதிகம் அரிக்கும், விரல் இடுக்கில் பொரியும், வீட்டில் உள்ள மற்றவர்களும் சொறிய ஆரம்பிப்பார்கள். எக்ஸிமாவில் தோலே ஈரத்தைப் பிடித்து வைக்க முடியாமல் வறண்டு, அழற்சியாகிறது. ஏற்கெனவே வெடித்த தோலில் உப்பும் பச்சிலையும் வைத்தால் பிள்ளை அலறும்.

பக்கத்து வீட்டுப் பெண்ணின் முகம் சிவந்தது பொய்யாக இருக்காது. நம் ஊரில் ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் எல்லாம் ஒன்றாகக் கலந்த டியூப் சீட்டே இல்லாமல் கைமாறுகிறது. படைக்கு, பருவுக்கு, சிவப்பழகுக்கு என்று எல்லாவற்றுக்கும் அதையே பூசுகிறார்கள். அதில் பெரும்பாலும் இருப்பது குளோபெட்டசால், இருப்பதிலேயே வீரியமான வகை. 2018-இல் இந்த மாதிரி 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்று மத்திய அரசு மாற்றியது. அப்படியும் கேட்டு வருகிறவர்கள் குறையவில்லை.

ஆனால் தோல் மருத்துவர் குழந்தைக்கு எழுதுவது அது அல்ல. முகத்துக்கு ஹைட்ரோகார்ட்டிசோன் மாதிரி மெல்லியது, கை கால் மடிப்புக்கு நடுத்தரம், சிவந்த இடத்தில் மட்டும், சொன்ன நாள் வரை மட்டும். கண்ணிமை, முகத்துக்கு இரண்டு வயது தாண்டிய பிள்ளைகளுக்கு 0.03 சதவீத டாக்ரோலிமஸ் எழுதுவார்கள், அது ஸ்டீராய்டு இல்லை. முதல் சில நாள் எரியும், அப்புறம் பழகும்.

என் அனுபவத்தில் சிக்கல் அதிகமாகப் பூசுவதால் வருவதை விட, பயந்து கடுகளவு பூசுவதால்தான் வருகிறது. கடுகளவு பூசினால் அடங்காது, அடங்காததால் மாதக்கணக்கில் இழுக்கும், கடைசியில் மொத்தக் கணக்குப் பார்த்தால் அதிகம் பூசியிருப்பார்கள். பெரியவர் ஒருவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் கோடு வரை பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம் வரும். அது விரல்களோடு சேர்த்துப் பெரியவரின் இரண்டு உள்ளங்கை அகலத்துக்குப் போதும். இதை அளவாக வைத்துக்கொள்ளுங்கள்.

மாய்ஸ்சரைசர் அப்படி இல்லை. உடம்பு முழுக்க, தினமும், தோல் நன்றாக இருக்கும் நாளிலும். மழை இல்லாத மாதத்தில்தானே ஓடு மாற்றுகிறோம். உடம்பெல்லாம் வறண்ட பிள்ளைக்கு வாரம் 250 கிராம் வரைகூடச் செலவாகும். 50 கிராம் டியூப் வாங்கி மாதம் முழுக்க ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். விலை கட்டுப்படவில்லை என்றால் வாசனை இல்லாத வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி பெரிய டப்பா போதும். பிசுபிசு என்று இருக்கும், வேலை செய்யும்.

தேவனாம்பட்டினம் மலர்
ஜனவரி 4, இரவு 9:50

நன்றி சார். விரல் அளவு யாரும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. தேங்காயெண்ணெய் போடலாமா? எங்கள் போர் தண்ணீர் உப்பு, அதற்கு ஒரு மிஷின் வைக்கச் சொல்கிறார்கள், அது உதவுமா?

வில்லியனூர் மெடிக்கல்
ஜனவரி 5, காலை 8:10

மிஷினுக்குப் பணம் போடாதீர்கள். கடினத் தண்ணீருக்கும் எக்ஸிமாவுக்கும் தொடர்பு இருப்பதாகச் சொல்வது உண்டு, ஆனால் மென்மையாக்கும் கருவி வைத்துப் பார்த்த இங்கிலாந்து ஆய்வில், 2011-இல் வந்தது, பிள்ளைகளுக்குத் தனியாகப் பலன் எதுவும் தெரியவில்லை. அந்தக் காசில் வருஷத்துக்கு மாய்ஸ்சரைசர் வாங்கலாம்.

செக்கில் ஆட்டிய தேங்காயெண்ணெய் போடலாம். பிலிப்பைன்ஸில் குழந்தைகளிடம் நடந்த ஓர் ஆய்வில் மினரல் ஆயிலை விட நன்றாக வேலை செய்தது. கடுகெண்ணெய், ஆலிவ் எண்ணெய் வேண்டாம், தோலை இன்னும் கெடுக்கும். நலங்கு மாவும் வேண்டாம், உரசும். வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடத்துக்குள் குளிப்பு, துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் காய்வதற்குள் கிரீம். மார்கழியில் சுடச்சுடத் தண்ணீர் ஊற்றத்தான் எல்லாருக்கும் ஆசை, அதுதான் பாதி வறட்சிக்குக் காரணம்.

ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள். திடீரென்று நீர் வடிந்து மஞ்சளாகப் பொருக்கு தட்டினால் கிருமி சேர்ந்திருக்கிறது. காய்ச்சலோடு சின்னச் சின்னக் கொப்புளம் கூட்டமாக வந்து குழி விழுந்தது போல் ஆனால் அது அக்கி வகை வைரஸாக இருக்கலாம். அம்மை என்று வேப்பிலை கட்டி வீட்டில் படுக்க வைக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

பண்ருட்டி பாட்டி
ஜனவரி 5, காலை 10:02

வைரஸ் விஷயம் சரி தம்பி. ஆனால் கருவாடு விஷயத்தில் நீ வாயே திறக்கவில்லையே.

லாஸ்பேட்டை அம்மு
ஜனவரி 5, மதியம் 12:40

பாட்டி, அதற்கு நான் சொல்கிறேன். என் பையனுக்கு நிஜமாகவே முட்டை ஒவ்வாமை இருந்தது. சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள் உதடு வீங்கித் தடிப்பு வரும். அது யார் பார்த்தாலும் தெரியும். அந்த மாதிரி இருந்தால் பரிசோதனை, மருத்துவர் சொன்ன பத்தியம். அப்படி எதுவும் இல்லாமல் எக்ஸிமா வந்துவிட்டது என்பதற்காகப் பால், முட்டை, மீன், கடலை என்று ஒவ்வொன்றாக நிறுத்தினால் பிள்ளை மெலிந்துதான் போகும். எங்கள் உறவில் ஒரு குழந்தைக்கு அப்படி நிறுத்தி நிறுத்தி, கடைசியில் வெறும் ரசம் சாதத்தில் வந்து நின்றது. தோல் அப்படியேதான் இருந்தது.

பண்ருட்டி பாட்டி
ஜனவரி 5, மதியம் 1:15

பாலையும் மீனையும் நான் நிறுத்தச் சொல்லவில்லை. கத்திரிக்காய் சாப்பிடாததால் யாரும் மெலிந்ததில்லை.

லாஸ்பேட்டை அம்மு
ஜனவரி 5, மதியம் 1:18

சரி, அதை உங்களுக்கு விட்டுக்கொடுக்கிறேன் 🙂 மலர், மாமியாரிடம் கத்திரிக்காயில் தோற்றுவிடுங்கள், களிம்பில் ஜெயித்துவிடுங்கள்.

காலாப்பட்டு ஹாஸ்டல்
ஜனவரி 5, இரவு 11:32

நான் அம்மா இல்லை. எக்ஸிமா இருக்கும் 20 வயது மாணவி. ஹாஸ்டலில் உட்கார்ந்து இந்த இழையை முழுக்கப் படித்தேன். பிள்ளையின் பக்கத்திலிருந்து சிலது சொல்லலாமா?

"சொறியாதே" என்று சொல்லாதீர்கள். என் பெயரை விட அதைத்தான் நான் அதிகம் கேட்டிருப்பேன். அரிப்பு நம் கையில் இல்லை. அந்தச் சொல் காதில் விழுந்தால் அரிப்பு நிற்காது, போர்வைக்குள் ஒளிந்து சொறியத்தான் கற்றுக்கொள்வோம். எங்கள் அம்மா ஒரு கட்டத்தில் அதை விட்டுவிட்டு, பழைய வேட்டித் துணியைக் கைக்குட்டை அளவுக்குக் கிழித்து, நனைத்துப் பிழிந்து, டிபன் டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தார். அரிக்கும்போது "போய் டப்பா எடுத்து வா" என்பார். நானே எடுத்து, நானே முழங்கையில் வைத்து அழுத்துவேன். சொறிவதற்குப் பதிலாகச் செய்ய ஒரு வேலை கிடைத்தது.

ராத்திரி கிரீம் சண்டைக்கு: எரிகிறதா என்று முதலில் கேளுங்கள். பிள்ளைகளுக்கு எரிகிறது என்று சொல்லத் தெரியாது, வேண்டாம் என்று மட்டும்தான் சொல்வார்கள். வெடித்த தோலில் தண்ணியாக இருக்கும் லோஷன் எரியும், கெட்டியான ஆயின்ட்மென்ட் அவ்வளவு எரியாது. எரிந்தால் மருத்துவரிடம் சொல்லி மாற்றுங்கள். அப்புறம், எந்தக் கையில் முதலில் என்பதை அவள் முடிவு பண்ணட்டும். கால் பக்கம் முழுக்க அவளையே பூச விடுங்கள், விட்டுப்போன இடத்தை அவள் தூங்கியதும் நீங்கள் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. வீட்டுக்கு யாராவது வந்தால் "காட்டுடி, அத்தைக்குக் கையைக் காட்டு" என்று சட்டையைத் தூக்கச் சொல்லாதீர்கள். வகுப்பில் கேலி செய்த பிள்ளைகளை நான் மறந்துவிட்டேன். அந்தக் கூடத்தில் நின்றதை மறக்கவில்லை. வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லிவிட்டுக் காபி குடித்தார்கள்.

தூக்கத்தையும் கவனியுங்கள். ராத்திரி முழுக்கச் சொறிந்த பிள்ளை காலையில் வகுப்பில் தூங்கும். அதைச் சோம்பேறித்தனம் என்று டீச்சர் எழுதி அனுப்பிவிடுவார். கெடிலக்கரை அண்ணன் சொன்ன கடிதத்தில் இதையும் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

தேவனாம்பட்டினம் மலர்
ஜனவரி 6, காலை 5:55

தங்கச்சி, இதை என் கணவருக்கும் படித்துக் காட்டினேன். அவர் அதன் பிறகு எதுவும் பேசவில்லை, எழுந்து போய் அலமாரியில் பழைய வேட்டி தேடிக்கொண்டிருந்தார்.

தையல் கலா, நெல்லித்தோப்பு
ஜனவரி 6, காலை 11:20

உடை விஷயத்தை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். ஆண்டு விழா சீசனில் என் மிஷினில் ஓடுவதே அதுதான், அதனால் கேளுங்கள்.

வாடகை உடையை அப்படியே போடாதீர்கள். சமிக்கி தைத்த நூலும் ஜரிகையும் உள்பக்கம்தான் முள்ளாகக் குத்தும். சட்டையின் உள்ளே பழசான மெல்லிய மல் துணியில் லைனிங் கொடுத்து, நான்கு இடத்தில் தொங்கல் தையல் போட்டால் போதும். விழா முடிந்ததும் பிரித்துவிட்டு உடையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், கடைக்காரருக்குத் தெரியாது. அக்குளிலும் கழுத்து ஓரத்திலும் லைனிங் வெளியே கால் அங்குலம் மடிந்து வர வேண்டும், அங்கேதான் உரசல். புதுத் துணி என்றால் ஒரு தடவை அலசிக் கஞ்சியை எடுத்துவிட்டுத் தைக்கச் சொல்லுங்கள்.

கையில்லாத சட்டைக்கு உள்ளே தோல் நிறத்தில் முழுக்கை பனியன் போடுவார்கள். நைலானில் வருவது வேண்டாம், வியர்த்தால் ஒட்டிக்கொள்ளும். காட்டன் பனியனை உடையின் நிறத்திலேயே எடுத்தால் அது டிசைன் மாதிரியே தெரியும். கூட ஆடும் பிள்ளைகள் எல்லாருக்கும் அதே முழுக்கை வைத்துவிட்டால் பேச்சே இல்லை. டீச்சரிடம் கேட்டுப் பாருங்கள், பனிக்காலம், மற்ற அம்மாக்களும் சந்தோஷப்படுவார்கள்.

இயற்கைத் தைலம்
ஜனவரி 6, மதியம் 3:03

[இந்தப் பதிவு நீக்கப்பட்டது]

நிர்வாகி
ஜனவரி 6, மதியம் 3:40

"ஒரே மாதத்தில் வேரோடு குணம், வாட்ஸ்அப்பில் வாருங்கள்" வகைப் பதிவுகள் இங்கே வேண்டாம். பிள்ளைகளின் படத்தையும் யாரும் போட வேண்டாம், தோல் மட்டும் தெரிந்தாலும்.

வில்லியனூர் மெடிக்கல்
ஜனவரி 6, மாலை 6:25

நிர்வாகிக்கு நன்றி. சித்த மருந்து பார்ப்பதில் எனக்கு விரோதம் இல்லை, படித்த சித்த மருத்துவரிடம் போய், இங்கே என்ன மருந்து ஓடுகிறது என்பதையும் சொல்லிப் பாருங்கள். பெயர், சேர்மானம் எதுவும் ஒட்டாத டப்பாவில் வருவதுதான் பயம். "இயற்கை" என்று விற்கிற சிலவற்றில் ஸ்டீராய்டே கலந்திருக்கும், அதனால்தான் இரண்டே நாளில் மாயம் போல அடங்கும்.

இரண்டாவது கருத்து வேண்டுமென்றால் புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனையின் தோல் பிரிவு இருக்கிறது. கடலூரிலிருந்து வருகிறவர்கள் காலையிலேயே வந்து ஓ.பி. சீட்டு போட்டால் நல்லது. இதுவரை பூசிய டியூப் எல்லாவற்றையும், காலியானதையும் சேர்த்து, ஒரு பையில் எடுத்து வாருங்கள். "வெள்ளை களிம்பு, பச்சை மூடி" என்று சொன்னால் எந்த மருத்துவருக்கும் புரியாது.

முத்தியால்பேட்டை
ஜனவரி 12, இரவு 8:15

மலர், போகி அன்று பாப்பாவை வெளியே விடாதீர்கள். டயர், பிளாஸ்டிக் எல்லாம் எரிப்பார்கள். எங்கள் வீட்டில் இருமலுக்கே தாங்காது, தோலுக்கு எப்படி என்று தெரியவில்லை.

லாஸ்பேட்டை அம்மு
ஜனவரி 12, இரவு 8:40

தோலுக்கும் ஆகாது. எக்ஸிமா பிள்ளைகள் சிலருக்கு ஆஸ்துமாவும் சேர்ந்தே வரும், என் பையனுக்கு அப்படித்தான். ஒட்டடை அடிக்கும் நாளிலும் வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

தேவனாம்பட்டினம் மலர்
ஜனவரி 29, இரவு 9:30

எல்லாருக்கும் வணக்கம், விழா முடிந்துவிட்டது. வரிசையாகச் சொல்கிறேன்.

கடிதம் வாங்கிக் கொடுத்தோம். டீச்சர் படித்துவிட்டு, "எனக்கு இது தெரியாது மேடம், ஒட்டிக்கொள்ளுமோ என்று எனக்கே ஒரு பயம் இருந்தது" என்று நேராகச் சொன்னார். அவர் மேல் இருந்த வருத்தம் அதில் பாதி குறைந்தது. அந்த இன்னொரு அம்மாவிடம் அவர் பேசினாரா தெரியாது. இடம் மாற்றவில்லை, அது போதும்.

எங்கே நிற்க வேண்டும் என்று மகளைக் கேட்டேன். "என் பிரெண்டு பக்கத்தில்" என்றாள். பிரெண்டு இரண்டாவது வரிசை. முன், பின் என்று நாங்கள்தான் இத்தனை நாள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம்.

கலா அக்கா சொன்ன மாதிரி மல் துணி லைனிங் தைத்தோம். எல்லாருக்கும் முழுக்கை வைக்கப் பள்ளி ஒத்துக்கொள்ளவில்லை, அதனால் இவளுக்கு மட்டும் மஞ்சள் காட்டன் பனியன். முகத்துக்கு மேக்கப் வேண்டாம் என்றேன், பொட்டும் மையும் மட்டும். ஆடி முடித்ததும் மேடைக்குப் பின்னாலேயே உடையைக் கழற்றி, ஈரத்துணியால் துடைத்து, கிரீம் போட்டுவிட்டேன். மறுநாள் கழுத்தில் கொஞ்சம் சிவந்தது, இரண்டு நாளில் அடங்கியது.

ராத்திரிச் சண்டை இன்னும் இருக்கிறது, ஆனால் தினமும் இல்லை. கத்திரிக்காய் எங்கள் வீட்டில் இப்போது கிடையாது, பாட்டி சந்தோஷப்படலாம்.

அடுத்த கவலை: தேவனாம்பட்டினத்தில் இருந்துகொண்டு கடலில் இறங்கக் கூடாது என்று பிள்ளையை எப்படிப் பிடித்து வைப்பது? இறங்கலாமா?

காலாப்பட்டு ஹாஸ்டல்
ஜனவரி 29, இரவு 10:10

வெடிப்பு, புண் இருக்கும் நாளில் உப்பு எரியும், அவளே வெளியே வந்துவிடுவாள். மற்ற நாளில் நான் இறங்குவேன். போவதற்கு முன் கொஞ்சம் ஜெல்லி, வந்ததும் உடனே நல்ல தண்ணீரில் குளியல், மணல் போகும்வரை, அப்புறம் கிரீம். நடு வெயிலில் வேண்டாம், சாயங்காலம் போங்கள்.

நெய்வேலி டவுன்ஷிப்
பிப்ரவரி 2, காலை 7:05

புதிதாகச் சேர்ந்தேன், என் மகனுக்கும் இதே பிரச்சினை. அந்தக் கடிதத்தில் என்ன எழுத வேண்டும் என்று யாராவது முழுசாகப் போட முடியுமா? எங்கள் மருத்துவர், நீங்களே எழுதி வாருங்கள், கையெழுத்துப் போடுகிறேன் என்கிறார்.

கெடிலக்கரை
பிப்ரவரி 2, இரவு 9:45

நாங்கள் கொடுத்தது இது, தேவைப்பட்டதை மாற்றிக்கொள்ளுங்கள்.

"இந்த மாணவருக்கு அடோபிக் எக்ஸிமா என்னும் நாள்பட்ட தோல் அழற்சி உள்ளது. இது தொற்றுநோய் அல்ல. தொடுவதாலோ, பக்கத்தில் உட்காருவதாலோ, உணவைப் பகிர்வதாலோ மற்றவர்களுக்குப் பரவாது. வெப்பமும் வியர்வையும் அரிப்பை அதிகமாக்கும் என்பதால் காற்றோட்டமான இடத்தில் உட்கார அனுமதிக்கவும். தேவைப்படும்போது தண்ணீரால் கழுவி, தன்னிடம் உள்ள மாய்ஸ்சரைசரைப் பூசிக்கொள்ள அனுமதிக்கவும். இரவில் அரிப்பால் தூக்கம் கெடுவதால் சில நாள் காலையில் சோர்வாக இருக்கலாம். விளையாட்டு, கலை நிகழ்ச்சி எதிலிருந்தும் விலக்க வேண்டியதில்லை. பருத்தி உள்ளாடை அணிய அனுமதித்தால் போதும்."

இரண்டு நகல் எடுத்து ஒன்றை அலுவலகத்திலும் ஒன்றை வகுப்பு ஆசிரியரிடமும் கொடுங்கள். ஜூனில் ஆசிரியர் மாறிவிடுவார், பழைய கடிதம் எங்கே என்று யாருக்கும் தெரியாது. தேதி மாற்றி இன்னொன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.